குளிரறைப் பொத்தான்

இது உண்மையில் நடந்தது. நடந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சம்பந்தப்பட்டவள் கேட்டுக்கொண்டதால் பெயரை மட்டும் மாற்றி, ரூபிகா என்று வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே. கதை கட்டத் தெரிந்த பெண் இல்லை அவள். ஒரு விஷயம் ஏன் நடந்தது என்று தெரியும்வரை அதை நம்பவும் மாட்டாள், விடவும் மாட்டாள். அந்தக் குணம்தான் அவளை அந்த அறைக்குள் கொண்டுபோனது.

ரூபிகாவுக்கு ஊர் யாழ்ப்பாணம். வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுகிய ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். கம்பெனியும் பக்கத்திலேயே, காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல். சின்ன இயந்திரங்களுக்குள் வைக்கும் சர்க்கிட் போர்ட் செய்வது அவர்கள் தொழில். அந்தப் போர்ட்டுக்குள் ஓடும் குட்டி ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு டிரைவர் எழுதுவது இவள் வேலை.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை. வெளியே இருக்கும் ஒரு பொத்தான் சொல்வதை உள்ளே இருக்கும் சிப்புக்குப் புரியவைக்கும் புரோகிராம். சிப் எந்நேரமும் ஏதாவது வேலையில் மூழ்கியிருக்கும். யாராவது பொத்தானை அமுக்கினால் தோளைத் தட்டுவதுபோல ஒரு துடிப்பு கம்பி வழியே வரும். இன்டரப்ட் என்பார்கள். தட்டல் வந்ததும் சிப் கைவேலையைப் போட்டுவிட்டு யார் என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, கேட்டுவிட்டேன் என்று பதில் வைக்க வேண்டும். பதில் வைக்காவிட்டால் தட்டல் நிற்காது.

கொட்டாஞ்சேனையில் அஷ்பாக் என்ற மீன் வியாபாரி ஒரு பழைய குளிரறையை வாங்கியிருந்தார். இறாலும் மீனும் கல்லாக உறைந்து கிடக்கும் அறை. அதன் கதவு கனத்த இரும்புக் கதவு, கையை விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும். தவறிப்போய் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு, உள்சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் காவலறையில் மணி அடிக்கும். அந்த மணிக்கான புது போர்ட்டைத்தான் ரூபிகாவின் கம்பெனி செய்து கொடுத்தது.

பொருத்தி ஒரு வாரம் ஆகவில்லை. அஷ்பாக் ரூபிகாவுக்கு ஃபோன் செய்தார்.

"புள்ள, மணி சும்மா சும்மா அடிக்கிது."

"உள்ளுக்க ஆக்கள் நிண்டு வேலை செய்யேக்கயோ?"

"இல்ல. கதவு பூட்டி ஈக்கி. உள்ளுக்கு ஒத்தரும் இல்ல. பொடியனுகள் உள்ள போக மாட்டேங்கிறானுகள்."

ரூபிகாவின் மேலாளர் சாரங்கன் சிரித்தார். "நொய்ஸ்தான். குளிரூட்டுற மோட்டர் ஸ்டார்ட் எடுக்கேக்க கம்பியில ஒரு துடிப்பு ஏறும். ஃபில்டர் போட்டு விடும்."

போட்டாள். மணி அடித்தது.

கம்பியை மாற்றினாள். மணி அடித்தது.

பிறகு, கம்பியில் வரும் துடிப்பை அப்படியே பதிந்து, திரையில் பெருப்பித்துப் பார்த்தாள். மோட்டரால் வரும் துடிப்பு ஒற்றை ஊசிபோல இருக்கும். விரலால் அமுக்கும் பொத்தான் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு தகடுகளும் முட்டி, துள்ளி, மறுபடி முட்டி, பிறகுதான் ஒட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளல் இயந்திரத்துக்குத் தெரியும்.

திரையில் துள்ளல் இருந்தது.

அமுக்கி... பிடித்திருந்து... விடுகிறது. மறுபடி அமுக்கி... பிடித்திருந்து... விடுகிறது. ஒவ்வொரு முறையும் பிடித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பலம் போய்க்கொண்டிருக்கும் ஒரு கைபோல.

சாரங்கனிடம் காட்டினாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "பட்டனுக்குள்ள ஐஸ் பிடிச்சிருக்கும்," என்றார். "ஐஸ் விரிஞ்சு தகட்டை அமுக்கும். போய்ப் பட்டனை மாத்திப்போட்டு வாரும்." சொல்லும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. மீன் வியாபாரம் இல்லை, வேலையாட்களும் இல்லை. நிம்மதியாக வேலை செய்யலாம் என்று ரூபிகா பகல் சாப்பாடு முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. காவலுக்கு றேமண்ட் மட்டும் இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

காவலறையில் லப்டொப்பை போர்ட்டோடு இணைத்தாள். சோதனை செய்யும்போது மணி இடைஞ்சல் செய்யாமல் இருக்க, பொத்தானின் இன்டரப்டை மட்டும் மூடினாள். இனி யார் அமுக்கினாலும் சிப் திரும்பிப் பார்க்காது. மணி அடிக்காது.

ஆனால் ஒரு விஷயம். மூடினாலும், வாசலில் யாரோ காத்திருக்கிறார் என்பதைக் காட்ட சிப்புக்குள் ஒரு குறி இருக்கும். பூச்சியம் என்றால் யாரும் இல்லை. ஒன்று என்றால், ஆள் நிற்கிறது.

திரையில் ஒன்று.

ரூபிகா அழித்துப் பூச்சியமாக்கினாள். கையை எடுக்குமுன் ஒன்று.

மறுபடி அழித்தாள்.

ஒன்று.

"என்ன மிஸ்?" என்றார் றேமண்ட்.

"ஒண்டுமில்லை அங்கிள். உள்ளுக்க போகோணும். கதவடியில நில்லுங்கோ."

றேமண்ட் தடித்த கோட்டைக் கொடுத்தார். கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு மீன் பெட்டியை வைத்தார். வெண்புகை காலடியில் ஊர்ந்து வெளியே வந்தது. ரூபிகா ஸ்குரூ டிரைவரோடு உள்ளே போனாள்.

பொத்தானைக் கழற்ற அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டு கம்பிகளையும் பிரித்து, பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஐஸ் இல்லை. ஈரம்கூட இல்லை. காய்ந்து சுத்தமாக இருந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெளியே லொறி ஒன்றின் ஹோர்ன். "கேட் எக அரின்ன," என்று கேட்டைத் திறக்கச் சொல்லி யாரோ சிங்களத்தில் கத்தினான். நீர்கொழும்பிலிருந்து திரும்பிய லொறி.

"இந்தா வந்துர்றேன் மிஸ்," என்றார் றேமண்ட். அவருடைய செருப்புச் சத்தம் தூரப் போனது.

ரூபிகா புதுப் பொத்தானைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

தொம்.

கதவு.

விளக்கும் அணைந்தது. கதவு சாத்தினால் விளக்கு அணையும்படிதான் அந்த அறை.

அவள் பதறவில்லை. உள்பக்கம் தள்ளித் திறக்க ஒரு தடி உண்டு என்று தெரியும். தடவிப் பிடித்தாள். தள்ளினாள். அசையவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தாள். தடியைச் சுற்றி விரல் தடிப்பில் ஐஸ். உள்ளே வரும்போது இது இருந்ததா? நினைவில்லை.

ஃபோனில் சிக்னல் இல்லை. நாலு பக்கமும் தகரம்.

கதவில் ஓங்கித் தட்டினாள். பஞ்சில் தட்டினதுபோல இருந்தது.

சரி, பொத்தான் இல்லாவிட்டால் என்ன? சுவரில் தொங்கும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்தால் போதும், மணி அடிக்கும். முட்டவைத்தாள். பிறகுதான் உறைத்தது.

இன்டரப்டை மூடியது அவள்தான்.

தன் கையாலேயே மூடிவிட்டு வந்திருக்கிறாள். எத்தனை தரம் தட்டினாலும் சிப் திரும்பிப் பார்க்காது. காவலறைத் திரையில் ஒரு குறி மட்டும் ஒன்றாக மாறி நிற்கும். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

"றேமண்ட் அங்கிள்," என்று கூப்பிட்டாள். குரல் அவள் வாயைத் தாண்டிப் போகவில்லை.

விரல்கள் மரத்தன. இமை மயிரில் ஏதோ ஒட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஃபோன் வெளிச்சம் மங்கி, குளிரில் பற்றரி செத்து, அணைந்தது.

இருட்டு.

மோட்டரும் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

மிகச் சின்னச் சத்தம். மிகக் கிட்ட.

டக்... டக்.

சுவரில் இல்லை. கதவில் இல்லை.

அவளுடைய கோட்டுப் பையில்.

கழற்றிய பொத்தான். கம்பி இல்லாத பொத்தான். அவள் இடுப்போடு ஒட்டிக்கிடந்தது. அதை யாரோ அமுக்கினார்கள். துணிக்குள்ளால் அந்த அழுத்தம் அவளுக்குத் தெரிந்தது.

அமுக்கி... பிடித்திருந்து... விட்டார்கள்.

அவளால் கையை அசைக்க முடியவில்லை.

டக்...

விடவில்லை. பிடித்தபடியே இருந்தது.

தூரத்தில், தடித்த கதவுக்கு அப்பால், மணி அடித்தது.

கதவு திறந்ததும் பகல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ரூபிகா நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. றேமண்ட் அவளைக் கைத்தாங்கலாகக் காவலறைக்குக் கூட்டிப்போய், சுடச்சுடப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

"மணி அடிச்சதால ஓடி வந்தேன் மிஸ். பெட்டிய நான்தான் இடுக்கில வெச்சேன். மாதா மேல சத்தியமா வெச்சேன். வந்து பாக்கிறேன், அது செவுத்துக்குப் பக்கத்துல இருக்கு."

ரூபிகா லப்டொப்பைப் பார்த்தாள். இன்டரப்ட் இன்னும் மூடித்தான் இருந்தது. மூடிய இன்டரப்டுக்குச் சிப் பதில் வைக்கவே முடியாது. ஆனால் ஒரு தரம் வைத்திருந்ததாகப் பதிவு காட்டியது. காத்திருக்கும் ஆளைக் காட்டும் குறி இப்போது பூச்சியம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாகவில்லை.

உடம்பு நடுங்க நடுங்கப் புதுப் பொத்தானை மாட்டினாள். கதவைத் தன் முதுகால் பிடித்துக்கொள்ளும்படி றேமண்டிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். இன்டரப்டைத் திறந்துவிட்டாள். ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். மணி அடித்தது. விட்டாள், நின்றது. மழைக்குள் ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அந்த மணி சும்மா அடிக்கவில்லை. பொடியன்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அஷ்பாக் ஒரு பெட்டி இறால் அனுப்பினார். அந்த அறையில் எப்போதாவது யாராவது செத்தார்களா என்று ரூபிகா அவரிடம் கேட்டாள். "நான் வாங்கின பொறகு அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல புள்ள. முந்தி என்ன நடந்திச்சோ, எனக்குத் தெரியா," என்றார்.

இரண்டு வாரம் கழித்து, போர்ட்டைச் சரிபார்க்க மறுபடி போனாள். இந்த முறை காலையில். வெயில் நன்றாக எரித்தது. றேமண்ட் கேட்டைத் திறந்துவிட்டு அவள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்தத் தம்பி வரல்லியா மிஸ்?"

"எந்தத் தம்பி?"

"அன்னைக்கு உங்களோட உள்ள இருந்தவரு."

றேமண்ட் தொடர்ந்தார்.

"கதவு தொறந்ததும் அவருதானே மொதல்ல வந்தாரு. பொறகுதான் நீங்க. பாவம், கோட்டும் இல்ல. கால்ல செருப்பும் இல்ல. எனக்குத் தெரியாம நீங்க உள்ள கூட்டிட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். டீ குடிங்கன்னேன், வேணாம்னு தலைய ஆட்டினாரு. மழையில கேட்டடியிலயே நின்னுக்கிட்டு இருந்தாரு, நீங்க வேலை முடிக்கிற வரைக்கும்."

"பிறகு?"

"பொறகென்ன மிஸ். உங்களோடதானே ஓட்டோவுல ஏறினாரு."

ரூபிகா கேட்டடியில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டு வாரமும் அவள் வெள்ளவத்தை வீட்டில்தான் படுத்தாள். தனியாக என்று நினைத்துக்கொண்டு.

அப்போது ஃபோன் அடித்தது. சரோஜினிதேவி அன்ரி. வெள்ளவத்தையில் ரூபிகாவின் எதிர்வீடு. அவளுடைய வீட்டின் மற்றத் திறப்பு, அதாவது மாற்றுச் சாவி, அவரிடம் இருந்தது.

"பிள்ளை, நீ வீட்டில இல்லையோ?"

"இல்லை அன்ரி. கொட்டாஞ்சேனையில நிக்கிறன். காலமை பூட்டிப்போட்டு வந்தனான்."

"அப்ப உள்ளுக்க ஆர்? கொஞ்ச நேரமா ஆரோ கதவைத் தட்டுகினம். உள்பக்கத்தால."

ரூபிகா கண்ணை மூடிக்கொண்டாள். தட்டினால் பஞ்சில் தட்டினதுபோல இருந்த அந்தக் கதவு ஞாபகம் வந்தது.

"திறந்து விடுங்கோ அன்ரி," என்றாள். "திறந்துபோட்டு, விலகி நில்லுங்கோ."

திறப்புத் திரும்பும் சத்தம் ஃபோனில் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. அன்ரியின் மூச்சு மட்டும்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார் கடைசியாக. பல் கிட்டுவதுபோல இருந்தது குரல். "நீ ஏசியை நிப்பாட்டாமல் போட்டாய் போல. என்ன குளிர் இது."

ரூபிகாவின் வீட்டில் ஏசி இல்லை.