கூழைக்கடாவுக்கு வந்த சேறு

அந்த ஞாயிற்றுக்கிழமை தோணிரேவு கிராமத்து அத்தை திருப்பாலைவனம் பேருந்திலிருந்து இறங்கியபோது, அவர் இடுப்பில் ஒரு பழைய சிமெண்ட் கோணி இருந்தது. மீனாக இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் உயிரியல் பூங்காவின் விதி. நான் டிக்கெட் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டேன். "மீனு இல்ல கண்ணு" என்றார். அது உண்மைதான். உள்ளே இருந்தது பழவேற்காட்டு ஏரியின் சேறு.

நான் அதே ஏரிக்கரையின் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. ஏரிக்கும் நகரத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னப் பூங்காவில் ஒப்பந்த வேலை பார்த்தேன். அத்தை எனக்கு உறவில்லை, ஏரிக்காரர் என்பதால் அத்தை. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். ஒருநாள் வலையில் சிக்கி இறக்கை ஒடிந்த கூழைக்கடா ஒன்றை அவர்தான் விடுவித்திருக்கிறார். வனத்துறை அதை எங்களிடம் கொண்டுவந்து விட்டது. இறக்கை கூடியது, பறக்கத்தான் முடியவில்லை. அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வருவார். முதலையையும் குரங்கையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராகப் பறவைக் கூண்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நிற்பார்.

ஒருமுறை திரும்பி வரும்போது முகம் சரியில்லை. "கால மாத்தி மாத்தி வெச்சிக்கினு நிக்குது கண்ணு. கீழ முழுக்க சிமெண்ட்டு. நாங்க ஒரு நாளு தார் ரோட்டுல நடந்தாலே காலு எரியுது. அது ராவும் பகலும் நிக்குதே." அப்போது பூங்கா வாசலில் செயற்கை நீரூற்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரிய ஃபைபர் டால்பின். அத்தை அதைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "பொம்மை மீனு தண்ணி துப்பறதுக்கு இம்மாஞ் செலவு பண்றாங்க. உசுரோட கீறது நிக்க ஒரு கூடை சேறு இல்லையா?"

அவருக்கு எழுதத் தெரியாது. சிமெண்ட் தரையையும் டால்பின் செலவையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான்தான் புகார் எழுதினேன், மூன்று மாதத்தில் மூன்று தாள். மூன்றையும் கவுண்டர் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அந்த டால்பின் பூங்கா அதிகாரிக்குச் செல்லப்பிள்ளை. என் ஒப்பந்தமோ முடியும் தறுவாயில் இருந்தது. அத்தை கேட்கும்போதெல்லாம் "குடுத்துட்டேன் அத்தே" என்று கூசாமல் சொன்னேன். பதில் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய்த்தான் அவரே சேற்றைச் சுமந்து வந்தார்.

தடுப்புக் கம்பியைத் தாண்டிக் கூண்டுக்குள் அதைக் கொட்டிப் பரப்பும்போது காவலாளி பிடித்துவிட்டார். கோணியோடு உள்ளே விட்டதற்காக, மாடியில் இருந்த அதிகாரியின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கால்நடை மருத்துவரம்மா கோபத்தில் சிவந்திருந்தார். "வெளிச் சேத்துல என்ன நோய் இருக்கும்னு தெரியுமா? எல்லாப் பறவைக்கும் தொத்திக்கும்." அத்தை பதறினார். "ஐயோ, அது நின்ன சேறாச்சேம்மா!" நாள் முழுக்க அதில் கிடந்து, அதிலிருந்தே சோறு தின்கிறவருக்கு ஏரிச் சேறு கெடுதல் செய்யும் என்று எப்படித் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது.

"குறை இருந்தா எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?" என்றார் அதிகாரி.

அத்தை என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எழுதத் தெரியாதுங்க சார்" என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கீழே ஓடிப்போய் மூன்று தாளையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். வேலை போனது என்றே நினைத்தேன். அதிகாரி படித்து முடிப்பதற்குள், முதல் தாளை எட்டிப் பார்த்த மருத்துவரம்மா கூண்டுக்குப் போய்விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பாதத்திலும் சிவந்த புண்.

"நல்லவேளை, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும். ஆறிடும்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்பு நான் அறிந்ததில்லை. அதிகாரியும் கெட்டவரில்லை. நீரூற்று வேலையை நிறுத்திவிட்டு, மணலும் சுத்தம் செய்த களிமண்ணும் போட்டுக் கூண்டின் தரையை மாற்றினார். எனக்குச் சரியான டோஸ் கிடைத்தது, ஆனால் வேலையும் நீடித்தது. இன்றைக்கு டால்பின் காய்ந்து நிற்கிறது, பிள்ளைகள் அதன்மேல் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். கூழைக்கடா களிமண்ணில் அசையாமல் நின்று தூங்குகிறது.

அந்தத் தாள்களைப் பற்றி அத்தை கேட்கவேயில்லை. அடுத்த மாதம் கவுண்டருக்கு வந்தபோதாவது நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "எழுது கண்ணு, போன மாசமே பாத்தேன், மான் தண்ணி குடிக்கிற தொட்டியில பாசி புடிச்சிக் கீது" என்றார். எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, கவுண்டரை மூடிவிட்டு மாடியேறிப் போய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அங்கேயே நின்றிருந்தார்.

"குட்த்துட்டியா?"

"குடுத்துட்டேன் அத்தே."

"சரி" என்றார், அந்த மூன்று முறையும் நம்பியதைப் போலவே நம்பி, கூழைக்கடாவைப் பார்க்க உள்ளே போனார்.