அணிந்துரையில் இறந்த தங்கமுத்து

“வாசிக்க ஒரு சீவன் இல்லாட்டியும் என்ரை பேனா ஓடும்! வாசகன் எண்டவன் எனக்குத் தேவையேயில்லை!”

கொக்குவில் மார்க்கண்டு இந்தப் பிரகடனத்தை ஒலிவாங்கியில் விடுத்தது இன்னொருவருடைய கவிதை நூல் வெளியீட்டு விழாவில், நன்றியுரைக்குச் சற்று முன்பு. சபை பலமாகக் கைதட்டியது. பிரகடனத்துக்குத் தட்டியதா, பின்வாசலால் வடைத் தட்டம் வந்ததற்குத் தட்டியதா என்பதில் அன்று அங்கிருந்தவர்களுக்குள் இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

அந்தப் பேனா அதுவரை பெரிதாக ஓடியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காணிக் கந்தோரில் வேலை செய்த காலமெல்லாம் “தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது” என்று எழுதிய பேனா அது. இளைப்பாறிய பிறகு நாவல் எழுதப்போவதாக மார்க்கண்டு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதற்காக மேசை வாங்கினார். மேசை ஆடியது, காலுக்கு மட்டை வைத்தார். காற்றாடி போட்டால் தாள் பறந்தது, நிறுத்தினால் வியர்வை தாளில் விழுந்தது. எல்லாம் ஒழுங்கான நேரத்தில் யாழ்தேவி ரயில் கூவிக்கொண்டு போனது.

“இன்னும் உந்துதல் வரேல்லை, அதுதான்,” என்பார்.

“உந்துதல் எந்த பஸ்ஸிலை வருதாம்?” என்று குசினியிலிருந்து கேட்பார் மனைவி செல்வநாயகி. “சந்தியிலை போய் நிண்டு கூட்டிக்கொண்டு வாருங்கோவன். வரேக்கை ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு வாருங்கோ.”

ஒரு நாள் மார்க்கண்டு தீர்மானத்துக்கு வந்தார். நாள் வைத்து, மண்டபமும் எடுத்துவிட்டால் கலியாணம் நடந்தே தீரும் அல்லவா? நாவலையும் அந்த முறையிலேயே பிடிப்பது. முதலில் பின் அட்டைக்கு, நாடியில் கைவைத்து யோசிக்கிற படம் ஒன்று ஸ்ரூடியோவில் எடுத்தார். அடுத்ததாகக் கோயில் ஐயரிடம் ஆசியுரை. அதன் பிறகு அணிந்துரைக்காக, இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் செபநாயகத்திடம் போனார். ஊரில் அவருடைய அணிந்துரை இல்லாமல் புத்தகம் வெளிவருவது, பிள்ளையார் சுழி போடாத சாதகம் போல. வெளியீட்டு மண்டபமும் அவர் தலைவராக இருக்கும் சங்கத்தினுடையது; அதற்கும் நாள் குறித்தாயிற்று.

“கதை என்ன மாதிரி?” என்று கேட்டார் அதிபர்.

அந்தக் கணம் வரை கதை எந்த மாதிரியும் இல்லை. “புத்தூரிலை ஒரு பொம்பிளை, சேர். தங்கமுத்து. புருசன் வெளிநாடு போய்த் திரும்பேல்லை. தனியத் தோட்டம் செய்யிறா. கடைசியிலை... சோகம்.”

அதிபருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வாரமே ஆறு பக்கம் தந்தார். “இறுதி அத்தியாயத்தில் தங்கமுத்து காய்ச்சலில் உயிர்துறக்கும் காட்சியை ஆசிரியர் தீட்டியிருக்கும் திறன் கல்லையும் கரைக்கும்” என்பது ஆறாம் பக்கத்தில் இருந்தது. எழுதப்படாத காட்சியை வாசித்து மார்க்கண்டுவே கண்கலங்கினார்.

ஆசியுரை, அணிந்துரை, படம், எல்லாம் ரயில் ஸ்ரேசனடி அச்சகத்துக்குப் போயின. அங்கே கணினியில் தட்டச்சு செய்பவள் அருந்ததி. கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா, மரண அறிவித்தல் என்று ஊரின் சுகதுக்கமெல்லாம் அவள் விரலால் போகும். ஒன்றுக்கும் அவள் முகம் மாறியதை ஒருவரும் கண்டதில்லை.

“எல்லாம் அடிச்சாச்சு, சேர். நாவல் எங்கை?”

“வரும் பிள்ளை.”

“கலியாணப் பொம்பிளை இல்லாமல் மண்டபம் எடுத்திருக்கிறார்,” என்று செல்வநாயகி சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததும் இந்தக் காலத்தில்தான்.

மண்டபத்துக்குப் பயந்து மார்க்கண்டு எழுதத் தொடங்கினார். முதல் அத்தியாயத்தில் தங்கமுத்து வெங்காயம் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போக, அது நடுவழியில் நின்றது. நின்றதற்குக் காரணம், மார்க்கண்டுவுக்கு மேற்கொண்டு எழுத ஒன்றும் தோன்றாததே. அந்த இடத்தோடு அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகொரு நாள் விசாரிக்கப் போனால், அருந்ததி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “பேந்து அந்த லாண்ட்மாஸ்டர் ஸ்ரார்ட் வந்ததே?”

மார்க்கண்டு திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு எவரும் இல்லை. “என்ன?”

“இல்லை, மழை இருட்டிக்கொண்டு வருது எண்டு எழுதியிருக்கிறியள். வெங்காயமெல்லே நனையப்போகுது.”

“அது... அடுத்த அத்தியாயத்திலை வரும்,” என்றார் கம்பீரமாக.

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் குந்தினார். மேசை ஆடியது. ஆடட்டும். யாழ்தேவி போனது; போனதை அவர் கேட்கவில்லை. வெங்காயம் நனையாமல் தங்கமுத்து தன் சேலையால் மூடிக் கட்டி, வழியில் வந்த ஒரு பெடியனை அதட்டித் தள்ளச் சொல்லி, லாண்ட்மாஸ்டரைக் கிளப்பிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மார்க்கண்டுவுக்கே மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு விடியப்புறத் தேத்தண்ணி ஆறுமுன்னே எழுத உட்காருவார். உந்துதலைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அருந்ததியோ ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். “உந்த மச்சான்காறன் காணியை அமத்தி எடுக்கத்தான் வாறான், தங்கமுத்துவுக்கு அது விளங்கேல்லையோ?” என்பாள். விளங்காமலிருந்தது மார்க்கண்டுவுக்கு. வீட்டுக்கு வந்து விளங்கப்படுத்திக்கொள்வார்.

இப்படியே கதை கடைசிக்கு வந்து, தங்கமுத்து சாக வேண்டிய கட்டம் வந்தது.

மார்க்கண்டு அவளை மழையில் நனைத்தார். தும்மிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். காய்ச்சலில் படுக்க வைத்தார். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு எழும்பினாள்; காணி வழக்குக்கு நாள் கிடந்தது. ஒரு கிழமையாகக் கொல்லப் பார்த்தும் முடியவில்லை.

“அணிந்துரை அடிச்சது நான்தானே சேர், எனக்குத் தெரியும் என்ன செய்யப்போறியள் எண்டு,” என்றாள் அருந்ததி. “போன அத்தியாயத்திலைதான் கிணத்துக்கு மோட்டர் பூட்டினவ. அவவைச் சாகடிச்சால் மிச்சத்தை நீங்களே இருந்து அடியுங்கோ.”

மார்க்கண்டு அதிபரிடம் போனார்.

“சேர், ஒரு சின்ன விசயம். தங்கமுத்து சாகமாட்டன் எண்டு நிக்கிறா. ஆறாம் பக்கத்திலை அந்த ஒரு வசனத்தை மாத்தி...”

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மார்க்கண்டு, நான் எத்தினையோ புத்தகத்துக்கு அணிந்துரை எழுதினனான். ஒருத்தரும் அணிந்துரைக்கு மாறாய்க் கதை எழுதினதில்லை. நீர் அவவைக் கொல்லும்.”

“ஏலாது, சேர்.”

“அப்ப என்ரை அணிந்துரையைத் தாரும்.”

அணிந்துரை போனது. அணிந்துரையோடு தலைமையுரை போனது, மண்டபமும் போனது. ஐயர் மட்டும் ஆசியுரையைத் திருப்பிக் கேட்கவில்லை. எந்தப் புத்தகத்துக்குக் கொடுத்தார் என்பது அவருக்கு நினைவில் இல்லை.

“இனி ஏன் இருந்து எழுதுறியள்?” செல்வநாயகி தேத்தண்ணியை மேசையில் வைத்தார். இந்த முறை குரலில் நக்கல் இல்லை. “மண்டபமும் இல்லை, சனமும் வரப்போறதில்லை.”

“நான் அண்டைக்கே மைக்கிலை சொன்னனான்தானே. வாசிக்க ஒரு சீவன் இல்லாட்டியும் எழுதுவன். இஞ்சாரும், அந்தக் கதவைச் சாத்தும்.”

கடைசி அத்தியாயத்தை அவர் மூன்று தரம் கிழித்து எழுதினார். நான்காம் தரம் சரிவந்தது. தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, மழைத்தூறலில் அச்சகத்துக்குச் சைக்கிள் மிதித்தார்.

அருந்ததியின் கதிரை வெறுமையாக இருந்தது.

“பிள்ளைக்குச் சுகமில்லையாம், லீவு,” என்றார் அச்சக முதலாளி றொகான். “தாங்கோ அண்ணை, நானே அடிச்சுவிடுறன். ஒரு மணித்தியாலத்து வேலை.”

மார்க்கண்டு பையை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றி இடுக்கிக்கொண்டார். “பரவாயில்லை தம்பி. அவசரமில்லை.”

“வைச்சிட்டெண்டாலும் போங்கோவன்.”

“இல்லை... நாளைக்கு வருவாவோ?”

“நாளைக்கு வருவா எண்டுதான் நினைக்கிறன்.”

தாள்கள் அவரோடு வீட்டுக்குத் திரும்பின. மறுநாள் றொகான் கதவுப் பூட்டைத் திறக்க வந்தபோது, மார்க்கண்டு ஏற்கெனவே வாசலில் நின்றார். அருந்ததி வந்து, குடையை மடக்கி, தாள்களை வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். மார்க்கண்டு சுவரோர வாங்கில் குந்தி, யாரோ ஒருவருடைய கலியாணக் கார்ட்டை எடுத்து மும்முரமாகப் படித்தார்.

விசைகள் கடகடவென்று ஓடின. கொஞ்ச நேரத்தில் மெதுவாகின. பிறகு சத்தமே இல்லை. கார்ட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவள் தட்டச்சை விட்டுவிட்டு, தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கண்டு பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“பிள்ளை,” என்றார் மெல்ல, “கதையிலை எந்த இடத்திலை நிக்கிறீர்?”