பாட்டுக்கு ஒரு கையெழுத்து

படத்தில் பழைய பாட்டைப் போட ஆசைப்படுவது இயக்குநரின் வேலை. அந்தப் பாட்டுக்காரரின் காலில் விழுவது என் வேலை. ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் ஒரு சின்னப் படக் கொம்பனிக்குப் பாட்டு அனுமதிகள் வாங்கிக் கொடுக்கிறேன். ஒரு கையெழுத்துக்காக அலைந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

கத்தியும் தாளமும்

கொலைக் காட்சி ஒன்றுக்கு, கார்னிவலில் எல்லாரும் கைகோத்து ஆடும் பழைய பாட்டுத்தான் வேண்டுமென்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். இசையமைத்தவருக்கு எண்பத்தெட்டு வயது. தொலைபேசியில் காட்சியை வாசித்துக் காட்டினேன்: குளியல் தொட்டி, கத்தி, பதினொரு குத்து. பதினொன்றையும் ஒவ்வொன்றாய் எண்ணச் சொன்னார். எண்ணினேன். கடைசியில் கேட்டார்: "தாளத்துக்குத்தானே குத்துவான்? தாளம் தப்பினால் அனுமதி இல்லை."

ஐந்து பேரப்பிள்ளைகள்

இன்னொரு பாட்டின் உரிமை, எழுதியவரின் ஐந்து பேரப்பிள்ளைகளிடம் இருந்தது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் ஓமென்றால் தனக்கு வேண்டாம் என்றார் ஐந்தாமவர். அவர்களுக்கும் அரைமனம்தான் என்று ஒரு பொய் சொன்னேன், உடனே போட்டார். அவர் போட்டதை அறிந்ததும் நால்வரும் பின்வாங்கினார்கள். மூன்று மாத அலைச்சல்! படத்தொகுப்பாளர் பாட்டை வெட்டி எறிந்துவிட்டுச் சொன்னார்: "மழைச் சத்தத்தைப் போட்டுவிட்டேன். மழைக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை."

கலியாணமோ செத்தவீடோ

பக்கத்து நகரமான எசனில் எடுத்த படம். மணப்பெண் மண்டபத்துக்குள் வரும்போது ஒரு தமிழ்ப் பாட்டு. கேட்டதும் படத்தை நிறுத்தினேன். வீட்டை விட்டுப் போகிற ஆளை வழியனுப்பும் அந்தப் பாட்டை எங்கட ஆக்கள் செத்தவீடுகளில்தான் போடுவார்கள். என் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்திலும் அதுதான் ஒலித்தது. இயக்குநரிடம் சொன்னேன். தனக்குச் சந்தோசமாய்த்தான் கேட்கிறதாம், மாற்றமாட்டாராம்.

பாட்டை எழுதியவர் எசனில் ட்ராம் ஓட்டும் ஒரு அண்ணை. அகதியாய் வந்த புதிதில், சிநேகிதனைப் பாடவைத்துக் கசெட்டில் பதிந்தவர். வீட்டுக்குப் போய், "அண்ணை, கோவிக்காதேங்கோ" என்று தொடங்கி, மடிக்கணினியில் காட்சியைக் காட்டினேன். பார்த்தார். கண்ணைத் துடைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பேனையை எடுத்தார். "அது கலியாணப் பாட்டுத்தான் பிள்ளை. பாடினவனுக்கு அண்டைக்கு மூக்கடைச்சுக் கடும் தடிமன்."

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: ஒரு பாட்டு ஆருடையது என்று எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம், அது என்ன பாட்டென்றுதான் சொல்ல ஏலாது.