தோளில் நட்சத்திரம், இரண்டு ஸ்டேஷன்

ஏட்டாக இருந்த பவுல்பாண்டியன் சப்-இன்ஸ்பெக்டரான அன்று ஸ்டேஷனில் ஆட்டுக்கறி பிரியாணி போட்டார். பதவி உயர்வு வந்தால் விருந்து வைக்க வேண்டும் என்பது காக்கிச்சட்டைக்காரர்களின் எழுதாத சட்டம். எழுதி வைத்த சட்டங்களைவிட அதைத்தான் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அவர் தோளில் நட்சத்திரத்தைக் குத்திவிட்டவர் கூடவே வேலை பார்த்த பரமசிவன் ஏட்டு.

"இனிமே நீங்க ஆபீசரு, அண்ணாச்சி. சே, அய்யா!" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார் பரமசிவன். பவுல்பாண்டியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவம், அந்தக் குளிர்ச்சி முதல் சம்பளம் வரைதான் நின்றது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலைச் சுற்றியிருந்த சின்ன ஸ்டேஷன்களில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே லட்சணம்தான். போலீஸ்காரருக்கும் ஏட்டுக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு. அந்த நாளிலும் வேலைக்குக் கூப்பிட்டால் தனியாகப் படி உண்டு. கூப்பிடாத வாரம் ஏது? ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு ஓய்வும் இல்லை, படியும் இல்லை. ஏனென்றால் அவர் அதிகாரி. அதிகாரிக்குக் கால் கடுக்காது, கண் சொருகாது, அவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்காது என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருந்தான்.

பவுல்பாண்டியன் அந்தப் படியை நம்பித்தான் மகள் ஜீவரத்தினத்தை நாகர்கோவிலில் நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார். ஹாஸ்டல் ஃபீஸ் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி நேசமணி புதுச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிச்சம் எங்கங்க?"

"அவ்வளவுதான்."

"ஏட்டா இருக்கும்போது இதைவிடக் கூட வந்துச்சே! எஸ்.ஐ. ஆனா ஏறும்னு சொன்னீங்க?"

"ஏறிச்சே. சட்டையில."

நட்சத்திரத்தைக் காட்டிக் கடைக்குக் கடை கை நீட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பவுல்பாண்டியனுக்குக் கை நீளவில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது அவருக்கு. தன்னைப் பழையபடி ஏட்டாகவே ஆக்கிவிடும்படி டி.எஸ்.பி. ஆபீசில் போய்க் கேட்டார். அங்கிருந்த ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆசைப்பட்டு எறங்க ரூல் இல்ல வே. தப்பு செஞ்சா தண்டனையா எறக்குவாங்க. அவ்வளவுதான்."

ஆக, நல்லவனாக இருந்தால் வழியில்லை! இருபது வருஷமாகத் திருடர்களைப் பிடித்த மனுஷர், என்ன குற்றம் செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தார். லஞ்சம் வாங்கத் தெரியவில்லை. லாக்கப்பில் கிடந்தவனை அடிக்க மனசு வரவில்லை. கடைசியில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, டி.எஸ்.பி. ஜீப் வரும் வழியிலேயே ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தார். அவரால் முடிந்த அட்டூழியம் அவ்வளவுதான்.

ஜீப் நின்றது. "என்னவே இது?"

"குத்தந்தான் அய்யா. டூட்டியை விட்டுட்டு வந்துட்டேன். என்னை ஏட்டா எறக்கிருங்க."

டி.எஸ்.பி. வாய்விட்டுச் சிரித்தார். "உம்ம மாதிரி எஸ்.ஐ. நாலு பேரு ஏற்கனவே வேலையை விட்டுட்டுப் போயாச்சு. உம்மையும் எறக்கிட்டா இந்தக் கூட்டத்துல நானா வே நிக்கது? தொப்பியைப் போடும்."

தண்டனை வரவில்லை. அதைவிட மோசமானது வந்தது. பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் சொல்லாமல் கொள்ளாமல் ராஜினாமா செய்துவிட்டாராம். அதையும் பவுல்பாண்டியனே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. வேலை இரட்டிப்பு, சம்பளம் பழையது. "திருவிழா படி எனக்கு வந்துட்டு அய்யா. உங்களை நெனைச்சாத்தான் வருத்தமா இருக்கு" என்றார் பரமசிவன் ஏட்டு. மனசாரத்தான் சொன்னார். பவுல்பாண்டியனுக்கோ அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அந்த வாரமே ஹாஸ்டல் வார்டன், பாக்கியைக் கட்டுங்கள், இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியனுப்பினார். பவுல்பாண்டியன் அதற்குமேல் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர ஒப்புக்கொண்டார். அங்கே கூடுதல் நேரம் நின்றால், மேற்பார்வையாளனும் மனுஷன்தான் என்று கூலி கொடுத்தார்கள். முன்பணமும் கிடைத்தது, ஹாஸ்டல் பாக்கி தீர்ந்தது.

டிபார்ட்மெண்ட் வழியனுப்பு விழா நடத்தியது. ஆள் இருக்கும்போது ஒரு ரூபாய் அவிழ்க்காதவர்கள், போகும்போது ரோஜா மாலையே வாங்கி வந்திருந்தார்கள். டி.எஸ்.பி. நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். "ஒழைக்கிற ஆளுங்கதான் போறாங்க. எனக்கு ரொம்ப வேதனை. ஆனா ஒண்ணு கேக்கேன் பவுல்பாண்டியன். போயும் போயும் காசுக்காகவா இந்த ஸ்டாரைக் கழத்துதீரு?"

பவுல்பாண்டியன் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆமா அய்யா. காசுக்காகத்தான். எம் மக ஹாஸ்டல்ல ஸ்டாரை வாங்க மாட்டேங்காங்க."

காப்பியைக் குடிக்காமலே டி.எஸ்.பி. ஜீப்பில் ஏறினார். மறுவாரம் பரமசிவனுக்கு எஸ்.ஐ. பதவி உயர்வு உத்தரவு வந்தது. உத்தரவைக் கொண்டுபோனவன் வீடு பூட்டியிருப்பதாகத் திரும்பி வந்து சொன்னான். ஏட்டுக்கு வயிற்றுவலியாம், மெடிக்கல் லீவில் எங்கேயோ போய்விட்டாராம்.