பொதுமக்கள் நாற்காலி

குடுவை அக்கா கொட்டாவி விட்டால், பேசிக்கொண்டிருப்பவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வகுப்பின் சட்டம் அது. நான் வேடிக்கை பார்க்கப் போன அன்று ஒரு மாணவர் ‘மூலக்கூறு அளவிலான இடைவினை’ என்று எடுத்ததுதான் தாமதம், அக்கா வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. மாணவரின் பேச்சு நின்றது. பின்வரிசையில் இருந்த எனக்கும் தொற்றிக்கொண்டது.

அக்காவுக்கு வேலை ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுவது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு மேல்மாடிக்கு வந்து ‘பொதுமக்கள்’ ஆகிவிடுவார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு, தங்கள் ஆராய்ச்சியை ஊர் உலகத்துக்குப் புரியும்படி சொல்லப் பழக்குகிற வகுப்பு. நடத்துகிற டீச்சர் ஆரம்பத்தில் மூன்று விதமான ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. மூன்று நாற்காலி போட்டு, மூன்றிலும் அக்காவையே மாற்றி மாற்றி உட்கார வைத்துவிட்டார்.

முதல் நாற்காலியில் அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை. எதைச் சொன்னாலும் “ஏன்?” என்பார். ஐந்தாவது ‘ஏன்’ வருவதற்குள் எதிரில் இருப்பவருக்கு வேர்த்துவிடும். இரண்டாவதில் நிதி கொடுக்கிற அதிகாரி. மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, “சரி, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்பார். மூன்றாவதில் அவர் அவரேதான். “நான் வீட்டுக்குப் போய் இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். அவரு டிவி பாத்துக்கிட்டேதான் கேப்பாரு. அதுக்கேத்த மாதிரி சொல்லுங்க.” வாயில் நுழையாத வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார். ஐந்தும் மடங்கினால் அது முஷ்டி. அதற்குள் பெரும்பாலானவர்கள் வழிக்கு வந்துவிடுவார்கள்.

ஆறு வருடம் இப்படிக் கேட்டால் கல்லுக்கும் கொஞ்சம் புரியும். போன மாதம் தேநீர் அறையில் இரண்டு மாணவர்கள் எதற்கோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அக்கா போகிற போக்கில், “வெறும் தண்ணியில வச்சு ஒரு தடவ பாத்தீங்களா? அப்பதானே ஒப்பிட முடியும்?” என்று கேட்டுத் தொலைத்தார். செய்தி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் காதுக்குப் போயிற்று. “விஷயம் தெரிஞ்சவங்கள எப்படிப் பொதுமக்கள்னு வச்சுக்கிறது? வண்டி நிறுத்துற இடத்துல ஒருத்தர் இருக்காரே, அவரைப் போடலாம்” என்றாராம் டீச்சரிடம். அடுத்த வியாழன் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. புத்தி வந்துவிட்டது என்பதற்காக ஒருவரை வெளியே அனுப்புகிற பள்ளிக்கூடத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

“இருபது வருஷமா கழுவுறேன்” என்றார் அக்கா என்னிடம். “குடுவை எங்க, காஞ்சிருச்சா, இதைத் தவிர யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க. அதை விட்டுக் குடுப்பேனா? தலைவர் வரட்டும். மக்கு மாதிரியே உக்காந்திருப்பேன்.”

உட்கார்ந்தார். வாய் அரைகுறையாகத் திறந்திருக்க, கண்ணில் மருந்துக்கும் வெளிச்சம் இல்லை. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பேச வந்த பெண், உப்பு மண்ணில் பயிர் ஏன் வாடுகிறது என்று ஆராய்கிறவள். அடுத்த வாரம் விவசாயிகள் கூட்டத்தில் இதையே சொல்லப் போகிறாள். அக்காவிடம் பதினொரு தடவை ஒத்திகை பார்த்தவள்தான். தலைவரைக் கண்ட பயத்தில் கரும்பலகையில் ஒரு வேரை வரைந்து, மண்ணிலிருந்து வேருக்குள் அம்புக்குறி போட்டாள். “உப்பு கூடக் கூட, செடி தண்ணிய ஜாஸ்தியா உறிஞ்சும்” என்றாள். நேர் எதிர். தலைவர் வானியல் படித்தவர். நட்சத்திரத்துக்கு வேர் கிடையாது. “அருமை, அருமை” என்று தலையாட்டினார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பலகையை அல்ல.

அக்காவின் வாய் மூடிக்கொண்டது.

“வெள்ளரிக்காயில உப்புப் போட்டா, காய்தானே தண்ணி விடும்” என்று தனக்குள் முணுமுணுத்தார். தலைவர் திரும்பினார்.

“என்னம்மா, புரியலையா?”

ஒரு ‘ஆமாங்க’ போதும். நாற்காலி அக்காவுக்கே.

அக்கா எழுந்து நேரே பலகைக்குப் போனார். வேர்த்த உள்ளங்கையால் அம்பை அழித்துவிட்டு, வேரிலிருந்து மண்ணுக்குத் திருப்பிப் போட்டார்.