றப்பர் கூரையும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

மற்றவன் அப்பிவிட்டுப் போன பசையைச் சுரண்டுவதுதான் என் தொழில்.

தொண்ணூறுகளின் நடுவில், கடல் கடந்து வந்திறங்கிய பாபகூரா என்கிற ஊரில், மோட்டர்ஹோம் திருத்தும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிற பெரிய வான்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவற்றுக்குக் கூரை முழுக்க றப்பர் விரிப்பு. மழை இறங்காமல் ஓரமெல்லாம் சீலன்ட் என்கிற பசை பூசியிருக்கும். அது வெடித்துப் போனால், றப்பர் கிழியாமல் சுரண்டி எடுத்துப் புதிதாய்ப் பூச வேண்டும். வேலை தெரியுமென்று காட்ட எனக்கு மூன்று மாதத் தவணை. அது முடிய, வேலை நிரந்தரம் என்று பொஸ் கடிதம் தந்தால்தான் கொழும்பில் காத்துக்கிடக்கிற மனுசியும் மகளும் விசாவுக்குப் போடலாம். முழங்கால் தேய உழைத்த சனங்களே, இனிக் கேளுங்கோ.

ஏணியடியில் சப்பாத்து

முதல் நாள் ஏணியடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். உள்ளே சமைக்கிறார்கள், படுக்கிறார்கள், வீடுதானே? சப்பாத்தோடு ஏறக் கால் வரவில்லை. கூட வேலை செய்த மதுரைக்கார முருகேசன் வாயைப் பிளந்தான். பொஸ் வந்து என் சப்பாத்தைத் தூக்கிப் புரட்டினார். அடியில் இரண்டு குறுணிக் கற்கள்.

றப்பரைக் குத்துவது இதுதான், நாளையிலிருந்து எல்லாரும் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் முருகேசன் முறைத்தான்: "வந்த மொத நாளே என் சாக்ஸ் ஓட்டைய ஊருக்கே காட்ட வச்சுட்டீங்களேண்ணே!"

உள்ளே போன கால்

ஒரு வயதான தம்பதி தங்கள் வானைக் கொண்டுவந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியிருந்தவர்கள். வெடித்த சீலன்டால் இறங்கின மழைத்தண்ணீர் கூரைப் பலகையை உக்க வைத்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கூரையில் ஏறி ஒரு எட்டு வைத்தேன். தொடைமட்டும் உள்ளே போய்விட்டது! ஐயோ, வேலையும் போச்சு, விசாவும் போச்சு!

கீழே அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தலைக்கு மேலே தொங்கிய வெறுங்காலைப் பார்த்து அவர் கத்தவேயில்லை. "ஒழுகிற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டீர் போல. சீனி எத்தனை கரண்டி?"

எல்லாத்துக்கும் ஒரு மருந்து

பலகை உக்கினதற்கு நீ என்ன செய்வாய் என்று பொஸ் என்னை விட்டுவிட்டார். புதுப் பலகை போட்டோம். அதே கூரையின் பின்பக்கத்தில் யாரோ குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கன் பசையை அள்ளி அப்பியிருந்தான். இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். தவணை முடிய நாலு நாள். எனக்குப் பொறுமை எங்கே?

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைக்காலத்தில் எங்கள் மோட்டர்சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடினது. விளக்குக்கும் அதுதான், இரும்பில் பிடித்த கறளுக்கும் அதுதான், பெயின்ற் கறைக்கும் அதுதான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சிலிக்கன்மேல் தாராளமாய்த் தேய்த்தேன். கெட்டிக்காரன்டா நீ என்று என்னையே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், கடவுளே! றப்பர் பொரித்த பப்படம் மாதிரிப் பொம்மிப் போய்க் கிடக்கிறது.

"வெயில்ல வீங்கிருச்சுன்னு சொல்லிருங்கண்ணே," என்றான் முருகேசன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வீக்கத்துக்கு நேர் கீழே அந்தக் கிழவர்களின் கட்டில். போய்ப் பொஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றி ஏறிப் பார்த்து, அப்படியே குந்திவிட்டார். பொம்மின இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உன்ர ஊரில மழையே பெய்யாதோ?"

கடிதம்

பொம்மின துண்டை வெட்டி எறிந்து புது றப்பர் ஒட்டினோம். பொஸ் குழாயால் கூரைக்குத் தண்ணீர் அடிக்க, நான் உள்ளே அந்தக் கட்டிலில் மல்லாந்து ஒரு மணித்தியாலம் முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

தவணை முடிந்த அன்று பொஸ் ஒட்டின உறை ஒன்றைத் தந்தார். பிரித்துப் பார்க்கப் பயம். அப்படியே கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். வேலை நிரந்தரம், பிழை விட்டால் தானே வந்து சொல்லுகிற ஆள், மண்ணெண்ணெய் மட்டும் கையில் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தாராம். விசா கிடைத்த அன்று மனுசி போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும். சொல்லிவிட்டுப் பயந்த குரலில் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அங்கையும் கறன்ட் இல்லையோ?"

மூன்று மாதம் சுரண்டியும் பழுதில்லாமல் நான் கழற்றியது என் சப்பாத்தை மட்டும்தான், ஆனாலும் மனுசியும் மகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.