ஏரி நடுவில் எழுந்து நின்றவள்

கம்பெனி பஸ்ஸில் பிரமிளா ஜன்னல் பக்கம் உட்காரமாட்டாள். வழியில் ஒரு ஏரிக்கரை மேல் பஸ் கொஞ்ச தூரம் ஓடும். அந்த இடம் வந்ததும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். "போச்சா?" என்று கேட்பாள். "போச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பாள். பக்கத்து சீட்டுக்காரி என்பதால் அவள் கதை எனக்குத் தெரிய வந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தொடர்ச்சியாக ஒரே நாளில் அவள் எதையும் சொன்னதில்லை.

பிறந்தது ஆந்திராவில் நாகலாபுரம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் ஆரணியாறு ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூட மொட்டைமாடியில் எல்லோரோடும் நின்றுகொண்டு, தன் வீட்டு மண்சுவர் கரைந்து உட்காருவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து தண்ணீர் என்றால் பயம். தண்ணீர் மட்டுமில்லை. பல்லி, நாய், கரண்ட் போர்டு, யூனிபார்ம் போட்டவர்கள், பின்னால் வரும் பைக் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "இன்னா பண்றது, நெஞ்சு அப்டி அடிச்சிக்குது" என்பாள்.

அப்படிப்பட்டவளைத் தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் தமிழரசு. சொந்த நிலம் இல்லாத வீடு. நடவு, அறுப்பு இருந்தால் வயலுக்குப் போவான். இல்லாத நாளில் ஒரு பழைய படகைத் தள்ளிக்கொண்டு நண்டுக்குப் போவான். கல்யாணமாகி, மகள் தரணி பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் பிரமிளா அந்தப் படகில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அவளுக்கு முதல் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தவர் நாகபூஷணம். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். யாரை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்வது, யாரை வேண்டாம் என்பது எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. அந்த வருஷம் கனுமு என்கிற மாட்டுப் பொங்கல் அன்று அவர் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் விருந்துக்கு வருவதாக இருந்தது. கோழி, ஆடு எங்கேயும் கிடைக்கும். ஏரி வாத்து போட்டால்தான் மரியாதை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

போகிப் பண்டிகை அன்று காலையில் தெருவில் பழைய பாய் எரிந்த புகை அடங்குவதற்குள் பைக்கில் வந்து இறங்கினார். கையில் யூரியா கோணியில் சுற்றிய நீளமான பொருள்.

"இன்னிக்கு பாரெஸ்ட்டுகாரங்க யாரும் ஏரிப்பக்கம் வரமாட்டாங்க. எல்லாம் பண்டிகைக்கு ஊட்டுக்குப் போய்ட்டாங்க" என்றார் தமிழரசுவிடம். "படகை எடு."

தமிழரசு தலையைச் சொறிந்தான். "சார், மாட்டினா ஜெயிலு சார்."

"மாட்டாது. ரெண்டு ஆம்பளைங்க தனியா போனாத்தான் சந்தேகம் வரும். உன் பொண்டாட்டிய கூட்டிக்கினு வா. நண்டுக் கூடைய வெச்சிக்கினு குந்தட்டும். புருஷன் பொண்டாட்டி பொழப்புக்குப் போறாங்கன்னு உட்ருவாங்க."

பிரமிளா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, நான் வரமாட்டேன்" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். நாகபூஷணம் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படொத்தம்மா, பயப்படாத. முழங்கால் தண்ணி. பண்டிகை முடிஞ்சி வேலைக்கு வரணுமா இல்லியா?"

வெயிலுக்கும் குளிருக்கும் ஆகட்டும் என்று தமிழரசுவின் பழைய வெள்ளைச் சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

படகில் ஏறும்போதே அது ஒருபக்கம் சாய்ந்தது. நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலடியில் வலை. வலைக்கு அடியில் நாட்டுத் துப்பாக்கி. அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலை அந்தப் பக்கம் நகர்த்தினாள், இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"அதுல மருந்து இருக்குதா சார்?"

"மருந்து இல்லாம எதுக்கும்மா துப்பாக்கி?"

தமிழரசு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளத் தள்ளக் கரை சின்னதாகிக்கொண்டே போனது. பனிமூட்டம் முழுசாக விலகவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று தெரியாமல், காற்றில் தொங்குவது போல இருந்தது அவளுக்கு. முழங்கால் தண்ணீர் என்பது உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் சேறு தொடைவரை இழுக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

கொஞ்ச தூரத்தில் வாத்துகள் தெரிந்தன. முதலில் அவள் அதை மணல்திட்டு என்று நினைத்தாள். பிறகு திட்டு அசைந்தது. ஊசிவால் வாத்துகள், கூட்டம் கூட்டமாக. தமிழரசு சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, குனிந்து, படகின் பின்னால் மறைந்துகொண்டு தள்ள ஆரம்பித்தான். நின்ற ஆளைப் பார்த்தால் வாத்து பறந்துவிடும். நாகபூஷணம் முன்னால் குப்புறப் படுத்தார். "நீயும் படு" என்று கையால் காட்டினார். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் கன்னம் படப் படுத்தாள் பிரமிளா. பலகைக்கு அந்தப் பக்கம் ஏரி தட்டுவது காதுக்குள் கேட்டது. நெற்றியைப் பலகையில் வைத்துத் தரணியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெடித்தது.

வானம் முழுக்கச் சிறகுச் சத்தம். புகை மூக்கில் ஏறியது. தமிழரசு சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, விழுந்த பறவைகளைக் கொண்டுவந்து கூடையில் போட்டான். ஒன்றுக்கு உயிர் இருந்தது. அது கூடையிலிருந்து உருண்டு அவள் பாதத்தின் மேல் விழுந்து, ஈரக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தது. காலை இழுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். "ஏங்க... ஏங்க, இத எடுங்க" என்றாள். அவன் அதைத் தூக்கிக் கழுத்தைத் திருகினான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"போதும் சார், போய்டலாம்" என்றான் தமிழரசு.

"இன்னும் ஒரே ஒரு தபா." நாகபூஷணத்தின் கண்ணெல்லாம் சந்தோஷம். குழாயில் மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்தார். அந்தச் சந்தோஷத்தில் மருந்தைக் கூடப் போட்டிருப்பார் என்று தமிழரசு பின்னால் சொன்னான். கூட்டம் சற்றுத் தள்ளிப் போய் மறுபடி இறங்கியிருந்தது. படகு நெருங்கியது.

இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. பாத்திரம் உடைவது போல. புகை கலைந்தபோது நாகபூஷணம் எழுந்து உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமைந்தி?" என்றார். என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்டார். கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. துப்பாக்கிக் குழாய் அடிப்பக்கம் பிளந்து கிடந்தது. ஒரு கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது.

பிரமிளா கத்தவில்லை. சத்தம் வரவில்லை என்பதுதான் உண்மை. தமிழரசு தன் தலைத்துண்டை அவிழ்த்து எறிய, அதை அந்தக் கையில் சுற்றி, தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். துண்டு உடனே நனைந்தது. சூடாக இருந்தது.

அப்போதுதான் தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. வனத்துறைப் படகு. பண்டிகை நாளிலும் யாரோ வந்திருந்தார்கள்.

தமிழரசு துப்பாக்கியை எடுத்துத் தண்ணீரில் வீசினான். "குனி. தலைய தூக்காத. அந்தாண்ட இருக்கற மணல்திட்டுக்குப் பின்னால சுத்திக்கினு போய்டலாம்."

"அதுக்கு எம்மா நேரம் ஆவும்?"

"ஆவும். இன்னா பண்றது? மாட்டினா மூணு பேருக்கும் ஜெயிலு."

"ஒத்து, வேண்டாம்... கூப்டாதீங்க" என்றார் நாகபூஷணமும். "கேசாய்டும்." நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. திட்டைச் சுற்றப் படகு திரும்பியது. மோட்டார் சத்தம் விலகிக்கொண்டு போனது. அப்போது அந்தப் பிடி தளர்ந்தது. முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

தன் மடியில் ஒரு மனுஷன் செத்துப்போகப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று அவளுக்கே சரியாக ஞாபகம் இல்லை. எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினாள். வாயிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. "யக்கா! யண்ணா! யாருனா வாங்க!"

"கெடுத்துட்டியேடி, குந்துடி!" என்று தமிழரசு கத்தினான். ஓடியிருக்கலாம் அவன். அந்தத் திட்டுப் பக்கம் வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் நின்ற ஆட்டத்தில் படகு கவிழப்போனது. அவன் சேற்றில் புதைந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி விளிம்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வனத்துறைப் படகு வந்து சேரும்வரைக்கும் விடவில்லை.

வந்தவர்களில் ஒரு இளம் பெண் அதிகாரி. சந்தியா என்று பெயர். காக்கி உடுப்பைப் பார்த்ததும் பிரமிளா உட்கார்ந்து நாகபூஷணத்தின் கையை மறுபடி மடியில் எடுத்து அழுத்திக்கொண்டாள். சந்தியா முதலில் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள், பிறகு கூடையைப் பார்த்தாள்.

"எவரு கால்ச்சாரு?" யார் சுட்டது என்று தெலுங்கில் கேட்டாள்.

"அந்தாளு செத்துடுவாருங்க மேடம். மொதல்ல கூட்டிம்போங்க" என்றாள் பிரமிளா. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாண்ட அவளால் முடியவில்லை. இடையில் ஒரு சாண் தண்ணீர்தான். சந்தியா இடுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

நாகபூஷணம் பிழைத்துக்கொண்டார். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் போயின, கண் தப்பியது. பேசத் தெம்பு வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்குமூலம், துப்பாக்கி தமிழரசுவுடையது, தான் சும்மா ஏரி பார்க்கப் போனேன் என்பது. தமிழரசு பொங்கலுக்குச் சப்-ஜெயிலில் இருந்தான். கையைக் காட்டி ஆளைக் கூப்பிட்டுக் கட்டின புருஷனையே பிடித்துக்கொடுத்தவள் என்று தெருவில் பேசினார்கள். மாமியார் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் நாகபூஷணத்தின் தம்பி முரளி வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"துப்பாக்கி உன் ஊட்டுக்காரருதுன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. பெயிலு நாங்க எடுக்கறோம். வேலையும் அப்டியே இருக்கும்" என்றான். எழுந்து போகும்போது, "பாப்பா இஸ்கூலுக்கு ஆட்டோலதான போவுது?" என்று கேட்டான்.

பிரமிளா தலையாட்டிவிட்டாள். சரி என்றுதான் ஆட்டினாள். என்னிடம் அதை மறைக்கவில்லை.

வனத்துறை அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். முரளி சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். வாசலிலேயே வாந்தி எடுத்தாள். சந்தியா தண்ணீர் பாட்டில் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்து, "நிதானமா சொல்லும்மா, அவசரமில்ல" என்று தமிழில் சொன்னாள். பிரமிளா வாயைக் கழுவிக்கொண்டு, கோணி, வலை, மருந்து, இரண்டாவது வெடி என்று நடந்ததை எல்லாம் சொன்னாள். படகு தள்ளியது தன் புருஷன்தான் என்பதையும் சொன்னாள்.

"எப்படி உனக்குத் தைரியம் வந்துச்சு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தைரியம் எங்க வந்துச்சி?" என்றாள். "முரளி மேல பயந்தான். தரணிய நெனச்சா இன்னும் பயம். ஆனா செய்யாத தப்புக்கு அவரு உள்ள குந்திக்கினு, நாளைக்கு வெளிய வந்து என் மூஞ்சியப் பாப்பாரே, அத நெனச்சா எல்லாத்தவுட பயமா இருந்துச்சி. அவ்ளோதான்."

துப்பாக்கியைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். அதை விற்றவனும் அகப்பட்டான். வழக்கில் இப்போது முதல் பெயர் நாகபூஷணம், அடுத்தது தமிழரசு, பிரமிளா சாட்சி. பெயிலில் வந்தவன் படகை விற்றுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பிரமிளாவின் வேலை போனது. எங்கள் கம்பெனிக்கு வந்தாள். முரளி அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் தரணியைத் தினமும் அவளே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவாள். பின்னால் ஒரு பைக் வேகம் குறைத்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள்.

வீட்டில் தமிழரசு அவளோடு அதிகம் பேசுவதில்லை. திட்டவும் இல்லை. வேண்டும், வேண்டாம் என்கிற அளவில் போய்க்கொண்டிருந்தது.

போன வாய்தாவுக்குக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நாகபூஷணத்தின் மனைவி வெங்கடலட்சுமி எழுந்து இவர்கள் பக்கம் வந்தாள். நாகபூஷணம் கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா இலையில் கட்டிய புளியோதரைப் பொட்டலத்தைப் பிரமிளாவின் மடியில் வைத்துவிட்டு, அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

பிரமிளாவுக்கு வியர்த்துவிட்டது. எதற்குக் கொடுத்தாள்? உள்ளே என்ன கலந்திருக்கும்? பெஞ்சுக்கடியில் தள்ளிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தமிழரசு கையை நீட்டினான்.

"குடு. பசிக்குது."

"வேணாங்க. நீங்க துன்னாதீங்க."

அவன் பொட்டலத்தைப் பிரித்து, வேர்க்கடலையைத் தேடித் தேடிச் சாப்பிட்டான். கடைசி வாயை அவளிடம் நீட்டினான். "நல்லாத்தான் இருக்குது. சும்மா பயப்படாம துன்னு."

அவள் தின்னவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அவன் தூங்கி அவள் தோளில் சாய்ந்தபோதுகூட, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.